கீப், பதினேழாவது பொருள்

அந்த அலுவலகத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைத்ததில்லை. ஆங்கிலச் சொற்களின் பொருளைப் பிரித்துத் தமிழில் எழுதுகிறவர் ‘அர்த்தம்’. பக்கங்களை அமைக்கிறவர் ‘பக்கம்’. எல்லாவற்றையும் கடைசியில் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற பதிப்பாசிரியர், எந்தப் பேச்சையும் ஒற்றை வார்த்தையில் முடித்து வைப்பதால் ‘முற்றுப்புள்ளி’. அந்தப் பெயர் மட்டும் அவர் முதுகுக்குப் பின்னால். ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியம் கொடுக்கிற பெண்மணி, சீட்டக்கா.

உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிய காகிதச் சீட்டுகள் எப்போதும் அவள் கையில் இருக்கும். அதற்குக் காரணம் முற்றுப்புள்ளி வைத்திருந்த ஒரு சட்டம். எடுத்துக்காட்டு வாக்கியம் எதுவும் மேசையில் உட்கார்ந்து ஜோடித்ததாக இருக்கக் கூடாது. உயிருள்ள ஒரு வாய், எங்கேயோ ஒரு தேவைக்காக, நிஜமாகச் சொல்லியிருக்க வேண்டும். அதைக் கேட்டு வந்து ஆங்கிலத்தில் போட்டு, எதிரே தமிழையும் போட வேண்டும். “ஜோடிச்ச வாக்கியம் செத்த மீன் மாதிரி. பக்கத்தைத் திறந்தாலே நாறும்” என்பார். மற்ற அகராதிகளைப் புரட்டிப் பார்த்தால் மனிதர் சொன்னது சரிதான் என்று தோன்றும். அங்கே எல்லோரும் ஆப்பிள் சாப்பிட்டுக்கொண்டும் நண்பனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டும் இருப்பார்கள். ஒருவருக்கும் தலைவலி கூட வராது.

ஆகவே சீட்டக்கா கேட்டாள். பேருந்தில் கேட்டாள், பல் மருத்துவர் வாசலில் கேட்டாள், தபால் நிலைய வரிசையில் கேட்டாள். காது ஒரு பக்கம், கை ஒரு பக்கம். அவள் எதையாவது கிறுக்குவதைப் பார்த்த மேல் வீட்டு அம்மாள், இவள் யாருக்கோ துப்புச் சொல்கிற ஆள் என்று முடிவுகட்டி, இவளைக் கண்டால் படியில் நின்று வானிலையைப் பற்றி மட்டும் பேசுவாள். அதையும் சீட்டக்கா எழுதிக்கொண்டாள்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அவள் சீட்டுகளில் முக்கால்வாசி வீட்டில் விளைந்தவை. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி குடும்பத்தோடு மூன்று அறை வீட்டில் இருந்தாள். தம்பி மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கிறவன். தம்பி மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வில்லைகளைச் சட்டத்துக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துகிறவள். அவர்களுக்கு ஒரே மகள். மூன்று வாய்க்கும் பஞ்சமில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் ஒரு வேளைக்கு நான்கு சீட்டு தேறும்.

‘கீப்’ என்ற வினைச்சொல் அவள் மேசைக்கு வந்தபோது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. அர்த்தம் அந்தச் சொல்லுக்கான காகிதக் கட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்.

“நாலே எழுத்து. நாப்பத்திமூணு பொருள். எனக்குக் கண்ணு ரெண்டும் பூத்துப் போச்சு.”

“நாப்பத்திமூணா?” என்றார் பக்கம், தன் மேசையிலிருந்து. “கீப்புன்னா நம்ம ஆளுங்களுக்கு ஒரே அர்த்தம்தானேய்யா. பெரிய மனுஷங்க ரெண்டாவதா ஒரு வீடு எடுத்துக் குடுப்பாங்களே.”

முற்றுப்புள்ளி தலையைத் தூக்காமலே சொன்னார். “அது பெயர்ச்சொல்.”



சீட்டக்காவுக்கு அந்தச் சொல்லைப் பிடித்துப் போயிற்று. வீட்டில் ஒருத்தியே தண்ணீர் பிடித்து, துணி துவைத்து, பிள்ளையைத் தூங்க வைத்து, வந்தவர்களைச் சிரித்து வழியனுப்புகிற மாதிரி, ஆங்கிலக்காரர்கள் இந்த ஒற்றைச் சொல்லைப் போட்டு அப்படி வேலை வாங்கியிருந்தார்கள். தமிழில் அதற்கு ஏழெட்டு ஆள் வேண்டியிருந்தது. கோழி வளர்ப்பதற்கும் அதே சொல், கடை நடத்துவதற்கும் அதே சொல். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது, ஒருவரைக் காக்க வைப்பது, பால் கெடாமல் இருப்பது, நாட்குறிப்பு எழுதுவது, வாயை மூடிக்கொண்டிருப்பது, சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பது எல்லாம் அதுவே.

வீடு அள்ளிக் கொடுத்தது. அப்போது எட்டு வயதான தம்பி மகள், “வாக்குக் குடுத்தா காப்பாத்தணும்ப்பா, இல்லன்னா குடுக்கக் கூடாது” என்றாள். அது நான்காவது பொருளுக்கு ஆயிற்று. “தோ வந்துட்டேன்னு சொல்லிட்டு ஒரு மணி நேரம் நிக்க வச்சிட்டான்” என்று தம்பி வந்து விழுந்தான். அது ஒன்பதுக்கு. “இது சாயங்காலம் வரைக்கும் தாங்காது, இப்பவே குடிச்சிடுங்க அண்ணி” என்று தம்பி மனைவி பாலை நீட்டினாள். அது இருபத்திரண்டுக்கு. அவள் குடித்துக்கொண்டே எழுதினாள். “நான் குடிக்கச் சொன்னா இவங்க அதையும் எழுதறாங்க பாரு” என்று தம்பி மனைவி சிரித்தாள். அந்த நாட்களில் அப்படித்தான் இருந்தது.

பதினேழாவது பொருள்தான் மாட்டிக்கொண்டது. அர்த்தம் தன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: ‘பயன் இல்லாவிட்டாலும் விடாமல் வைத்திருத்தல்.’ ஒன்பது நாள் காத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. பழைய சாமான்களை வைத்திருப்பவர்கள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று அப்போதுதான் அவள் கவனித்தாள். வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று உள்ளறை அலமாரியைக் காலி செய்தார்கள். சீட்டக்கா இந்தப் பக்க அறையில் தன் புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் இருந்தது பலகைத் தடுப்பு. தம்பியின் குரல் கேட்டது.

“இதை இன்னும் எதுக்கு வச்சிருக்கே?”

 தம்பி மனைவி, ஒரு கணக்குக்கு விடை சொல்கிற மாதிரி, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள். “அவன் ஒரு நாளும் போடல. ஆனா அவனோட சட்டைதானே. வச்சிருக்கேன்.”

என்ன சட்டை என்று சீட்டக்காவுக்குத் தெரியும். நான்கு வருடங்களுக்கு முன்னால், எட்டாம் மாதத்தில், அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. அழவில்லை. பெயர் வைக்கவில்லை. எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. மருத்துவமனைக் காகிதத்தில் தாயின் பெயரும் தேதியும்தான். தம்பி மனைவி முன்கூட்டியே தைத்து வைத்திருந்த மஞ்சள் சட்டை ஒன்று மிஞ்சியது. மகளுக்கு அப்போது நான்கு வயது. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு யாரும் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் ஒரு நாற்காலியை எடுத்துவிட்டால் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நடப்போமே, அப்படி எல்லோரும் சுற்றி நடந்தார்கள்.

சீட்டக்கா கெட்டவள் இல்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். அந்தக் குரலைக் கேட்டதும் மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் கை இருக்கிறதே, அதற்கு இருபது வருடப் பழக்கம். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது சீட்டு எழுதியாகிவிட்டிருந்தது.

மறுநாள் அதை முற்றுப்புள்ளியின் மேசையில் வைத்தாள். புத்தகத்தில் யார் பேரும் வராது, யாருக்குத் தெரியப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முற்றுப்புள்ளி இரண்டு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நல்லது” என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் அதற்கு முன் கேட்டதில்லை. அன்று முழுக்க அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம் இருந்தது. பிற்பாடு அவளால் மன்னிக்க முடியாமல் போனது அந்தப் பெருமிதத்தைத்தான்.

அகராதி அச்சாகி வெளிவர ஆறு வருடம் ஆயிற்று. பள்ளிகள் வாங்கின. தம்பி மகளுடைய பள்ளியும் வாங்கி, ஒன்பதாம் வகுப்பில் ஆளுக்கொன்று கொடுத்தது.

ஒரு மாலை. மேசையில் நான்கு பேரும் இருந்தார்கள். ஏதாவது ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பயன்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வா என்று ஆசிரியை சொல்லியிருந்தாளாம். பெண், அத்தையின் சொல் என்று கீப்பை எடுத்துக்கொண்டாள்.

“அத்தை, நாலாவது நான்தானே? ‘வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும்.’ நான்தான் சொன்னேன். எனக்கு ஞாபகம் இருக்கு.”

“நீதான்.”

“ஒம்பது அப்பா. அப்பா இன்னும் அதையேதான் சொல்லிக்கிட்டிருக்காரு.” அவள் பென்சிலால் ஓரத்தில் ‘அப்பா’ என்று எழுதினாள்.

“அடிப்பாவி, நானும் புத்தகத்துல இருக்கேனா?” தம்பி எட்டிப் பார்த்தான். “எங்க காட்டு. அட. இத்தனை வருஷத்துல நான் ஒரு லிஃப்ட்டுல கூட பேரு போட்டுக்கல.”

“இருபத்திரண்டு அம்மா. பாலு.” ஓரத்தில் ‘அம்மா’ என்று எழுதினாள். தம்பி மனைவி அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, “எனக்கு ஒண்ணுதானா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சீட்டக்கா மட்டும் சிரிக்கவில்லை. பெண்ணின் விரல் பக்கத்தின் நடுவே ஊர்ந்துகொண்டிருந்தது.

“இது சோகமா இருக்கும்மா, கேளேன். ‘அவன் ஒரு நாளும் போடவில்லை. ஆனாலும் அவனுடைய சட்டை. வைத்திருக்கிறேன்.’ இது யாரு அத்தை? பஸ்ல கேட்டதா?”

தம்பி மனைவியின் கத்தி நின்றது.

“இன்னொரு தடவை படி” என்றாள்.

பெண் இன்னொரு தடவை படித்தாள். தம்பி மேசைத் துணியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி மனைவி அவரைக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. பெண் அந்த வாக்கியத்துக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

கத்தியிருந்தால் தேவலை. பாத்திரத்தை எறிந்திருந்தால் கூடத் தேவலை. தம்பி மனைவி ஒன்றும் செய்யவில்லை. மறுநாளிலிருந்து பேச்சை நிறுத்தினாள். சண்டை போட்டு நிறுத்துவது வேறு. இது அப்படி இல்லை. உள்ளே தாயும் மகளும் ஏதோ பேசிக்கொண்டிருப்பார்கள். சீட்டக்காவின் செருப்புச் சத்தம் படியில் கேட்டதும் குழாயை மூடியது போல நிற்கும். சாப்பாடு வந்தது. துணி மடித்து அறை வாசலில் வைக்கப்பட்டது. காய்ச்சல் வந்தபோது வெந்நீரும் மாத்திரையும் கட்டில் பக்கத்தில் இருந்தன. வார்த்தை மட்டும் வரவில்லை.

ஒரே ஒரு தடவை, பெண் ஏதோ தோழிக் கதையைச் சொல்லத் தொடங்கியபோது, தம்பி மனைவி மெதுவாகச் சொன்னாள். “அத்தை இருக்காங்க. பாத்துப் பேசு. உப்பு போதுமான்னு கேட்டாலும் நம்பர் போட்டுடுவாங்க.”

பெண்ணுக்குப் புரியவில்லை. சிரித்தாள். சீட்டக்கா தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டு முடித்தாள். எப்படி இறங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை.

தம்பிதான் ஒரு நாள் அவளைப் பேருந்து நிறுத்தம் வரை கூட வந்து விட்டான். பாதி வழி அவன் மின்தூக்கிக் கம்பியைப் பற்றிப் பேசினான். மீதி வழியில் சொன்னான். “அக்கா, அந்த விஷயத்துல நானே அவகிட்ட வாயத் தொறக்கறதில்ல. பத்து வருஷத்துல, அலமாரி காலி பண்ணினப்ப ஒரு தடவ கேட்டதோட சரி. நீ புத்தகத்துல போட்டுட்டே.”

“தெரியாம போட்டுட்டேன்டா.”

“தெரியாம எப்படிக்கா போடுவே. நீ எழுதினதுதானே.” அவன் குரலில் கோபம் இல்லை. “அதை எடுக்க முடியுமா? எடுத்துடு. எடுத்துட்டா சரியாயிடுவா.”

“எடுத்துடறேன்” என்றாள் அவள். ரோட்டில் நின்றே முடிவாகிவிட்டது. நின்றவர்கள் இரண்டு பேர். சட்டைக்குச் சொந்தக்காரி அந்த நேரத்தில் கண்ணாடிக் கடையில் சாணைச் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கலாமே என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மறு அச்சுக்கு நான்கு மாதம் இருந்தது. திருத்தம் என்றால் அச்சுப் பிழைகள் மட்டும்தான் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. சீட்டக்கா முற்றுப்புள்ளியின் முன்னால் போய் நின்றாள்.

“கீப், பதினேழு. வாக்கியத்தை மாத்தணும் சார்.”

“பிழையா?”

“இல்ல.”

“யாரும் சொல்லாததா?”

“சொன்னதுதான். எங்க வீட்டுல.” அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “சொன்னவங்கள நான் கேக்கல.”

முற்றுப்புள்ளி பேனாவை மூடி வைத்தார். பிறகு, எப்போதும் இல்லாதபடி, நீளமாகச் சொன்னார். “நாம யாரையும் கேட்டதில்லையேம்மா. இருபத்தாறாயிரம் வாக்கியம். ஒருத்தரையும் கேட்டதில்ல.” ஜன்னல் பக்கம் பார்த்தார். வயதானவர். அவர் வீட்டு வாக்கியங்களும் அதில் இருந்தன. அவற்றில் சிலவற்றைச் சொன்னவர்கள் இப்போது உயிரோடு இல்லை.

“மாத்து” என்றார்.

பக்கம் தன் கஷ்டத்தைச் சொன்னார். “ரெண்டு வரி போனா ரெண்டு வரி வரணும்க்கா. ஒரு வரி குறைஞ்சா அடுத்த பக்கம் நகரும், அது நகர்ந்தா அதுக்கடுத்தது. கடைசியில இசட் வந்து அட்டையில இடிச்சுக்கும். சிரிக்காதீங்க, நிஜமாத்தான்.”

அவள் சிரிக்கவில்லை. அதே பொருளுக்கு அதே நீளத்தில் வேறு வாக்கியம் வேண்டும். அவள் கேட்கப் போனாள். பேருந்தில் ஏறினாள். எவரெவரோ பேசினார்கள். ஒவ்வொரு பேச்சும் ஒருவருடைய உடம்பிலிருந்து வருவதாக அவளுக்குத் தெரிந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் பக்கத்தில் இருப்பவரிடம், செத்துப்போன மனைவியின் சாவிக்கொத்தைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். அவள் எழுந்து, இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கிவிட்டாள்.

கடைசி நாள் மேசையில் உட்கார்ந்து, தன் வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு வாக்கியத்தை ஜோடித்தாள்: ‘பயன்படாவிட்டாலும் அவர் பழைய நாட்காட்டிகளைத் தம்மிடமே வைத்திருக்கிறார்.’ இரண்டு வரி. எழுத்து எண்ணிப் பொருந்தியது.

“யார் சொன்னது?” என்றார் முற்றுப்புள்ளி.

“யாரும் சொல்லல.”

அவர் கையெழுத்துப் போட்டார்.

புதுப் பிரதி அவள் கைக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தாள். ஞாயிறு மத்தியானம், பள்ளிச் சப்பாத்துக்கு அடி மாற்றத் தம்பியும் மகளும் வெளியே போயிருந்தார்கள். தம்பி மனைவி மேசையில் பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சீட்டக்கா புத்தகத்தை விரித்து, கீப் இருக்கும் பக்கத்தை அவள் முன்னால் தள்ளினாள்.

“பாரும்மா.”

தம்பி மனைவி ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டு, விரலால் வரி வரியாக இறங்கினாள். தேட வேண்டியிருக்கவில்லை. நேராக அந்த இடத்துக்குப் போயிற்று விரல். நின்றது. திரும்ப மேலே போய் மறுபடியும் இறங்கியது.

“எங்க அண்ணி?”

எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் சீட்டக்காவிடம் பேசிய முதல் வார்த்தை.

“எடுத்துட்டேன். இனிமே வர்ற எந்தப் புத்தகத்துலயும் அது இருக்காது.”

“யாரு எடுக்கச் சொன்னா?”

சீட்டக்கா இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. “உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு... தம்பியும் சொன்னான். நானும்தான்.”

“எனக்குக் கஷ்டம்னு நான் சொன்னேனா?”

“நீதான் பேசவே இல்லியேம்மா.”

“ஆமா, பேசல. கோவம் வந்துச்சு. வராதா? என் வாயிலேர்ந்து வந்ததை, எனக்கே தெரியாம எடுத்துட்டுப் போயிட்டீங்க. ஒரு மாசம் நெஞ்சு எரிஞ்சுது.” அவள் குரல் உயரவில்லை. அன்றைக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்ட அதே குரல். “அப்புறம் ஒரு நாள் கடையில உக்காந்திருக்கேன். ஒரு பொண்ணு வந்தா, நம்ம பொண்ணு வயசுதான், அவ ஸ்கூலுதான். கண்ணாடிக்கு அளவு பாக்கணும். கையில இந்தப் புத்தகம். எனக்கு என்னமோ பண்ணிச்சு. இதுக்குள்ள அவன் இருக்கான்னு தோணிச்சு. இந்தப் பொண்ணு கையில இருக்கான். இன்னும் எத்தனையோ புள்ளைங்க கையில இருக்கான்.”

அவள் பொத்தானைத் தொட்டுப் பார்த்தாள். “அவனுக்குப் பேரு கிடையாது. ஒரு காகிதத்துல அவனப் பத்தி ஒரு வரி கிடையாது. உங்க தம்பி பேசமாட்டாரு. நம்ம பொண்ணுக்குத் தெரியாது. இந்த உலகத்துல அவனுக்குன்னு ஒரு சட்டை இருந்துச்சுன்னு எழுதியிருந்த ஒரே இடம் அதுதான் அண்ணி. ஸ்கூலுக்கு அவ கிளம்பறதுக்கு முன்னாடி தினம் அவ பையிலேர்ந்து எடுத்துப் பாப்பேன். அவ குளிக்கிற நேரத்துல.”

“எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லலாம்னு வந்தேன். ரெண்டு தடவ வந்தேன். உங்க மூஞ்சியப் பாத்தா தூக்குல போடப் போற மாதிரி வச்சிட்டிருந்தீங்க. உங்களத் தேத்தற வேலையும் எனக்கா, போங்கன்னு விட்டுட்டேன்.”

“பழைய புத்தகம் இருக்கே. அவளோடது. அதை வச்சுக்கலாம்மா.”

“வச்சுக்கலாம். சட்டையும் எங்கிட்ட இருக்கு. புத்தகமும் எங்கிட்ட இருக்கும். மறுபடியும் எல்லாம் என் அலமாரிக்குள்ள வந்தாச்சு.” அவள் புதுப் புத்தகத்தை மூடினாள். “மறுபடி போட முடியுமா?”

சீட்டக்காவுக்குப் பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அன்று சொல்லியிருப்பாள். “அச்சாயிடுச்சும்மா. இன்னொரு பதிப்பு வர ஏழெட்டு வருஷம் ஆகும். அப்ப நான் வேலையில இருக்கமாட்டேன். ஒரு தடவ எடுத்ததைத் திரும்பப் போட யாரும் ஒத்துக்கமாட்டாங்க.”

தம்பி மனைவி தலையை ஆட்டினாள். கடையில் யாரோ, இந்தக் கண்ணாடி இனிச் சரியாகாது என்று சொன்னதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி.

“போடறப்பவும் என்னக் கேக்கல. எடுக்கறப்பவும் என்னக் கேக்கல” என்றாள்.

மன்னித்துவிடு என்று சொல்ல சீட்டக்கா வாயைத் திறந்தாள். அந்தச் சொல் எங்கெங்கோ, யார் யார் வாயிலோ கேட்டுக் கேட்டு அவள் எழுதி வைத்த சொல். அதைச் சொன்னால் தம்பி மனைவி அவளைத் தேற்ற வேண்டியிருக்கும். மூடிக்கொண்டாள்.

படியில் சப்பாத்துச் சத்தம். கதவு திறந்தது. தம்பி மகள் உள்ளே வந்து, மேசையில் புத்தகத்தைப் பார்த்ததும், “புதுசா அத்தை? எங்க டீச்சர் கேட்டுக்கிட்டே இருந்தாங்க” என்று இழுத்துக்கொண்டாள். பழக்கத்தில் நேராக அந்தப் பக்கத்துக்குத்தான் போனாள். தன் வாக்கியத்தைப் பார்த்தாள், அப்பாவுடையதைப் பார்த்தாள். பிறகு புருவத்தைச் சுருக்கினாள்.

“அந்தச் சட்டை எங்க போச்சு? நான் அதைத்தான் கட்டுரையில முதல்ல எழுதினேன். டீச்சர் கிளாஸ்ல படிச்சாங்க. நாட்காட்டியாமே. இது என்ன, சப்புனு இருக்கு.”

 வாசலில் தம்பி ஒரு காலில் செருப்போடு நின்றான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். பிறகு மற்ற செருப்பையும் மாட்டிக்கொள்வதா, இதையும் கழற்றுவதா என்று தெரியாதவன் போல அப்படியே நின்றான்.

தம்பி மனைவி தையலை மடித்து வைத்தாள். ஊசியை நூற்கண்டில் குத்தினாள். எழுந்து உள்ளறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு சிறிய காகித உறை இருந்தது. உறையின் மடிப்புகள் பழுத்திருந்தன.

“உக்காரு” என்றாள் மகளிடம். கணவனைப் பார்த்து, “நீங்களும்” என்றாள்.

அவன் வந்து உட்கார்ந்தான்.

“என்னதும்மா?” என்றாள் பெண். குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது.

“அந்தச் சட்டை உன் தம்பியோடது.”

“எந்தத் தம்பி?”

சீட்டக்கா எழுந்தாள். நாற்காலி தரையில் உரசிய சத்தம் அவளுக்கே நாராசமாக இருந்தது. கூடத்தில் இருந்தால் கேட்கும். தன் அறையில் இருந்தாலும் கேட்கும். அந்த வீட்டில் கேட்காத மூலை ஒன்று இல்லை. அவள் வாசல் பக்கம் நடந்தாள். யாராவது, இருங்கள் என்று சொல்வார்களா என்று முதுகு முழுவதும் காதாக நடந்தாள்.

“கதவைச் சாத்திட்டுப் போங்க அண்ணி” என்றாள் தம்பி மனைவி.

சாத்திவிட்டு இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமைத் தெரு. சாவி செய்யும் கடையும் தையல் கடையும் மூடியிருந்தன. ஒருவன் வாளித் தண்ணீரில் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். மேல் வீட்டு அம்மாள் எதிரே வந்து, “மழை வரும் போலிருக்கு” என்றாள். “ஆமாங்க” என்றாள் சீட்டக்கா. பேருந்து நிறுத்தத்தின் இரும்புப் பலகையில் போய் உட்கார்ந்தாள்.

ஒரு பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் குனிந்து பார்த்து, “ஏறலியாம்மா?” என்றார். “இல்லப்பா” என்றாள். அது போய்விட்டது. இன்னொன்று வந்தது. அதுவும் போயிற்று.

அழாமல் பிறந்த ஒரு குழந்தையைப் பற்றிப் பதினான்கு வயதுப் பெண்ணுக்குச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அரை மணி ஆகலாம். சாயங்காலம் வரை ஆகலாம். நடுவில் போய்க் கதவைத் தட்டிவிடக் கூடாது. முடிந்துவிட்டது, வரலாம் என்று வந்து சொல்லவும் யாரும் இறங்கி வரப் போவதில்லை. தூறல் விழத் தொடங்கியது. அவள் பலகையில் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டு, தன் வீட்டு ஜன்னல் தெரியாத பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.